தகப்பன் பேசுவார்

மைக்செட்காரருக்கு ஊரில் சவுண்டு என்று பெயர். மனிதர் பேசினால் பக்கத்தில் நிற்பவரே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், அதனால் வைத்த கேலிப் பெயர். எல்லாக் கட்சிக்கும் எல்லாக் கடவுளுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் அவர்தான். "பேசறவன் வாய் அவனோடது, நமக்கு கரண்டு வேலை" என்பார். அப்படிச் சொல்லியே எத்தனையோ பேருடைய விஷத்தைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார், புண்ணியவான்.

இன்று குழாய் கட்டியது சொந்த மகனின் சாவு ஊர்வலத்துக்கு.

முந்தின நாள் கட்சியும் ஊர் மடத்துக் குருவும் சேர்ந்து நடத்திய பக்தி ஊர்வலம், போக வேண்டிய வழியை விட்டுப் பின்தெருவுக்குள் நுழைந்தது. பின்தெருவில் இருப்பவர்கள் வேறு மதத்துக்காரர்கள். அங்கேதான் ரேடியோ ரிப்பேர்காரரின் கடை. சவுண்டின் ஆம்ப்ளிஃபயர் எப்போது மக்கர் பண்ணினாலும் அவர் கை பட்டால்தான் சரியாகும். ஊர்வலத்திலிருந்து கல் பறக்க ஆரம்பித்ததும் சவுண்டின் மூத்த மகன் ஓடிப்போய் அந்தக் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு அதன் முன்னால் நின்றான். அடுத்த கல் அவன் நெற்றிப்பொட்டில் விழுந்தது. எறிந்தவன் கட்சியின் இளைஞர் அணிச் செயலாளர். மைக்செட் வேனில் உட்கார்ந்திருந்த சவுண்டு அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

இன்று காலையில் கட்சித் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் மாலையும் கையுமாக அதே செயலாளர்.

"நீங்க ரொம்பப் பேச வேணாம்யா. 'என் பிள்ளையைப் பின்தெருக்காரங்க கொன்னுட்டாங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

"ஆண்டவனுக்காக உயிர் விட்டவன். கண்ணீர் விடக்கூடாது" என்றார் கூட வந்த குரு. பிள்ளை பெறாதவருக்குச் சொல்வது சுலபம்.

சவுண்டு தலையை ஆட்டினார். அவர்கள் திருப்தியாகப் போனார்கள். சவுண்டின் தம்பி மட்டும் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான். தொழிலில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்காருகிறவன் அவன்தான். அண்ணனின் தலையாட்டலை நம்பாதவனும் அவன் ஒருவன்தான்.

"அண்ணே, என்ன பேசப் போறீங்க?"

"பார்த்ததை."

"உங்களை உயிரோட விட மாட்டானுங்க. வீட்ல வயசுப் பொண்ணு இருக்கா. அண்ணி நேத்திலேருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை."

"பின்தெருவிலயும் பொண்ணுங்க இருக்காங்கடா. நான் வாயை மூடினா இன்னிக்கு அந்தத் தெருவே சாம்பல்."

தம்பி வேனில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றப் போனான்.

ஊர்வலம் பின்தெரு முனையில் நின்றது. அங்கேதான் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உள்ளே ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. லாரியில் மகனைக் கிடத்தியிருந்தார்கள், முகம் தெரியாத அளவுக்கு மாலை; பக்கத்தில் சவுண்டும் தலைவரும். கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கம்பு, சிலர் கையில் பெட்ரோல் கேன். கடவுள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப தகப்பன் பேசுவார்!" என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

சவுண்டு வாங்கினார்.

"என் பிள்ளையை..." என்றார். அவருடைய சின்னக் குரல் தெருக்கோடிக் குழாய்வரை போய்த் திரும்பி வந்தது. கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது.

"என் பிள்ளையைக் கொன்னது பின்தெருக்காரங்க இல்லை. நான் பார்த்தேன்..."

குரல் திரும்பி வரவில்லை. 'பிள்ளையை' மட்டும்தான் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வார்த்தையும் தேய்ந்து தேய்ந்து அவர் வாய்க்குள்ளேயே முடிந்தது. அது வயர் கோளாறில்லை என்று அவருக்கு உடனே புரிந்தது. எவனாவது குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தால் வயரைப் பிடுங்காதே, வால்யூமை மெல்ல மெல்லக் குறை, தொண்டை அடைத்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

திரும்பிப் பார்த்தார். தம்பி ஆம்ப்ளிஃபயர்மேல் கையை வைத்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அண்ணனின் கண்ணை அவன் பார்க்கவே இல்லை.

மைக்கைத் தலைவர் பக்குவமாக வாங்கிக்கொண்டார். "பெத்த மனசு... பேச்சு வரலை! இதுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?" இப்போது குழாய்கள் காது கிழிய முழங்கின. கேன்கள் முன்னால் நகர்ந்தன.

சவுண்டு லாரியிலிருந்து குதித்தார். வாழ்நாளில் கத்தாத மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். "நீங்கதான்டா கொன்னீங்க! என் பிள்ளையை நீங்கதான்டா கொன்னீங்க!"

குழாய்ச் சத்தத்தில் அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. எதிரே வந்த செயலாளர் அவரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அழுங்கய்யா, நல்லா அழுங்க" என்று முதுகைத் தடவிவிட்டு, பின்தெருவுக்குள் ஓடினான்.