கயிற்றுக் கட்சி

1987 ஆகஸ்ட் 19, புதன்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா ஊரிலிருந்து நான்கு கட்டை, அதாவது நான்கு மைல், தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் ஆண்டியப்பன் இறந்தார். வயது அறுபத்து மூன்று.

பதினொன்றரை மணிக்கு அவர் மகள் சரோஜா அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடை கட்டியாகிவிட்டது. மேட்டில் குழி வெட்டியாகிவிட்டது. இங்கிலாந்தில் இருக்கும் மகன் அர்ஜுனனுக்குத் தந்தி போய்விட்டது. அவன் இடத்தில் நின்று காரியம் செய்யப் பெரியப்பா மகன் கந்தசாமி மொட்டை அடித்துக்கொண்டு தயாராக நின்றான். வராதது ஒன்றுதான். ஆண்டியப்பனின் மனைவி அம்மாக்கண்ணுவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. அவளுடைய உடன்பிறந்த தம்பி அதைக் கொண்டுவந்து போடாமல் பிணத்தை எடுக்க முடியாது. அந்தத் தம்பி பழனியப்பன், நூறு கஜத்தில், கீழ் லயத்தில் இருந்தார். வரவில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் கடிகாரத்தையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு மணிக்கு மழை புடிச்சிரும்மா. அப்புறம் அந்தச் செம்மண் மேட்டுல யாரு தூக்கிக்கிட்டு ஏறுறது? ரெண்டரைக்குள்ள எடுத்தாகணும்லா."

பழனியப்பன் வராததற்குக் காரணம் சொத்துத் தகராறு இல்லை, பெண் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அர்ஜுனன் படித்த பௌதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அர்ஜுனன் எழுதியிருந்தான்: 'உலகத்துப் பொருளெல்லாம் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது புள்ளி இல்லை, மிகச் சிறிய இழை; அந்த இழை அதிர்கிற விதத்தில்தான் ஒன்று ஒளியாகவும் இன்னொன்று கல்லாகவும் தெரிகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு இந்த உலகம் பத்துப் பரிமாணம் கொண்டதாக இருக்க வேண்டும். போன வருடம் அந்தக் கணக்கிலிருந்த பெரிய ஓட்டை அடைபட்டது. அன்றிலிருந்து இங்கே கெட்டிக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். சோதித்துப் பார்க்க இன்றைக்கு உலகத்தில் கருவி இல்லை. நான் மட்டும் போகவில்லை.'

சரோஜா இதைச் சத்தமாகப் படித்தபோது பழனியப்பனும் உடன் இருந்தார். மறுநாள் தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடையில் இழை கயிறாகிவிட்டது. ஒரு மாதத்தில் தோட்டத்தில் இரண்டு கட்சி. கயிற்றுக் கட்சிக்குப் பழனியப்பன் தலைவர், கிராணி துணைத்தலைவர், ஆள் நாற்பதுக்கு மேல். எதிர்க்கட்சியில் ஆண்டியப்பனோடு பதின்மூன்று பேர். அவர்களில் நான்கு பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள்.

ஆண்டியப்பன் தொழிற்சாலையில் முப்பது வருடம், அரைத்த இலை சிவக்கப் போடும் அறையில் இருந்தவர். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் நிமிடத்தை மூக்கால் பிடித்து, 'அள்ளு' என்பார். அப்போதுதான் இலை அடுப்புக்குப் போகும். அவருக்கு வேறு தத்துவம் கிடையாது.

"தொரையே தேத்தண்ணிய வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பிப் பாத்துட்டுத்தான் நல்ல தூளுங்கிறாரு. ஊத்திக் குடிக்காமலே ஒசத்தின்னா எப்படிலா ஒத்துக்கிறது?"

"அது கணக்கு மச்சான். கணக்கு தப்பாது" என்பார் பழனியப்பன். அவர் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குத் தேயிலைப் பெட்டி இறக்கும் லோரி டிரைவர். "நூறு லோரி ஒரே ரோட்டுல போனா அது நல்ல ரோடுன்னு அர்த்தம். அத்தன பேருமா முட்டாளு?"

"நூறு லோரியும் ஒரே ரோட்டுல போயி, பத்தொம்பதாம் கட்டையில மண்ணு சரிஞ்சா? ஒருத்தனும் ஊரு சேர மாட்டான். எம்மவன் ஒருத்தனாச்சும் வேற வழி இருக்கான்னு பாக்கட்டுமே."

"வேற வழி ஏது? இருக்கறதே ஒரு ரோடு!"

"கேமரனுக்கு ஒரு ரோடு. ஒலகத்துக்குமா?"

போன தீபாவளிக்கு இது முற்றியது. ஆண்டியப்பன், "பத்துப் பரிமாணம் இருக்குன்னியே, அதுல ஒண்ணுல ஒன் லோரிய நிறுத்திக் காட்டு பாப்போம்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பழனியப்பன் நேராகக் கோயிலுக்குப் போய் மணியை மூன்று தடவை அடித்தார். "அர்ஜுனன் கயித்துப் பக்கம் வர்ற வரைக்கும் இவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். கோடி போடக்கூட வர மாட்டேன்." கோடி வாங்க வேண்டியவள் தன் அக்காள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஆனால் மணி அடித்தாகிவிட்டது.

சரோஜாவின் விரலில் கடிதம் தட்டுப்பட்டது. அரிசியை உதறினாள். ஒரு வாரம் முன்பு வந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினாள்.

பழனியப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிக்கடைப் பை. அதற்குள் சேலை.

"பாரும்மா இந்தக் கூத்த" என்றாள் அவர் மனைவி ருக்குமணி. "எட்டு மணிக்கே தானா ராத்தா போயி, கடைக்காரன எழுப்பிச் சேல வாங்கிட்டாரு. மூணு மணி நேரமா இப்படியே குந்திக்கிட்டிருக்காரு. வாக்காம் வாக்கு! பெரிய அரிச்சந்திரன் பேரன்."

"மாமா, வாங்க" என்றாள் சரோஜா.

"எப்படிம்மா வர்றது? சாமி மணிய அடிச்சுச் சொன்னது. ஒங்கப்பன் செத்ததுக்கு நான் அழுவலன்னு நெனைக்காத. லோரிக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு அழுதுட்டேன்."

"அண்ணன் மாறிட்டாரு மாமா."

பழனியப்பன் நிமிர்ந்தார். சரோஜா படித்தாள்.

'அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேலைக்கு எழுதிப் போட்ட பதினேழு இடத்திலும் ஒரே கேள்வி: இழையில் என்ன செய்திருக்கிறாய்? போன மாதம் ஒரு இழைக் குழுவில் மூன்று வருட வேலை கொடுத்தார்கள். ஒத்துக்கொண்டேன். சோற்றுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். ஆறு மாதமாகப் படிக்கிறேன். மிக அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. குடித்துப் பார்க்காமல் எப்படி ஒத்துக்கொள்வது என்று அப்பா கேட்ட கேள்விக்கு இங்கேயும் யாரிடமும் பதில் இல்லை.'

பழனியப்பன் சேலைப் பையின் வாயை மடித்தார்.

"பதினேழு எடமா?"

"ஆமா மாமா."

"இத அப்பனுக்குப் படிச்சியா?"

"இல்ல. போன வருசக் கடுதாசியத் திரும்பப் படிச்சேன்."

"கண்டுபிடிக்கலையா?"

"'போன தடவையும் இதயேதான் எழுதியிருந்தான், மாறவே இல்ல பாத்தியா'ன்னாரு."

பழனியப்பன் சிரித்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அப்புறமென்ன?" என்றாள் ருக்குமணி. "ஜெயிச்சாச்சுல்ல? எந்திரிங்க."

அவர் எழுந்தார். "கடுதாசிய உள்ள வை. வெளிய எடுக்காத" என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அவரைப் பார்த்ததும் மேளம் நின்றது. கூட்டம் முழுவதுக்கும் அந்த வாக்கு தெரியும். பழனியப்பன் வருகிறார் என்றால் அர்ஜுனன் கட்சி மாறிவிட்டான் என்று அர்த்தம். கயிற்றுக் கட்சிக்காரர்கள் சாவு வீட்டில் எவ்வளவு நிமிரலாமோ அவ்வளவு நிமிர்ந்தார்கள். ஆண்டியப்பன் பக்கத்தில் மிஞ்சிய பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சரோஜா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் பல்வலிக்காரர்போல இருந்தார்.

கிராணி கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டார். "என்னா பழனி, காயிதம் வந்துருச்சா? அர்ஜுனன் நம்ம பக்கமா?"

பழனியப்பன் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காயிதம் வந்துச்சு. சோதிச்சுப் பாக்காம ஒத்துக்க முடியாதுன்னு கடைசியா எழுதிட்டான். அசையல. வாக்க மீறித்தான் வந்திருக்கேன், சாமி குத்தம் என் தலையோட போவட்டும். மச்சான் சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்லா."

"அப்ப நாங்க?" என்றார் கிராணி.

"நீங்களுந்தான்."

சரோஜா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடிதம் இருந்தது.

பழனியப்பன் உள்ளே போய் அக்காள் தோளில் சேலையைப் போட்டார். அம்மாக்கண்ணு காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. அவரை ஏறிட்டுப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவர் துண்டை இடுப்பில் கட்டினார். பாடையின் முன்பக்கம் இடது தோள் கொடுத்தார். ஒன்று ஐம்பதுக்கு எடுத்தார்கள். மழை மூன்று பத்துக்கு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அர்ஜுனன் வந்து சேர்ந்தான். நடந்ததை சரோஜா பஸ் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்டாள். லயத்தில் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அத்தன பேரு ஒரு பக்கம் நின்னும் அசையலயே தம்பி, அப்பனுக்கேத்த புள்ள" என்றார்கள். கிராணி, கயிற்றுக் கட்சி கலைக்கப்பட்டதாக ஒட்டுக்கடையில் அறிவித்தார். தனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பத்துப் பரிமாணத்தில் சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார். அர்ஜுனன் மூன்று நாளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கழுத்து வலிக்கிறது என்று சரோஜாவிடம் தைலம் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழனியப்பன் அவனைத் தன் லோரியில் தாப்பாவுக்குக் கொண்டுபோனார். சரோஜா நடுவில் உட்கார்ந்திருந்தாள். லோரி பத்தொன்பதாம் கட்டையைத் தாண்டியது.

"மாமா, நான் வந்து…" என்று அர்ஜுனன் ஆரம்பித்தான்.

"நல்லா வேல பாரு" என்றார் பழனியப்பன், ரோட்டைப் பார்த்தபடி. "அங்க அந்தப் பக்கத்த நீ பாரு. இங்க இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்."

ஒரு வளைவில் ஹார்ன் அடித்தார். எதிரே எதுவும் வரவில்லை.

"ஊத்திக் குடிச்சுப் பாக்கற மெசினு என்னைக்காச்சும் வந்துச்சுன்னா எழுது."

"எழுதறேன் மாமா."

அக்டோபர் ஒன்றாம் தேதி அர்ஜுனன் இழைக் குழுவில் சேர்ந்தான். அடுத்த தைப்பூசத்தில், வாக்குத் தவறியதற்காக என்று ஊராரிடம் சொல்லிப் பழனியப்பன் மொட்டை போட்டுக்கொண்டார்.