ஆகஸ்டோடு நின்ற பேக்கப்

நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு அண்ணாதுரையின் கணினி நின்றுபோனது. முதலில் பெட்டிக்குள்ளிருந்து யாரோ நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு திரை நீலமானது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை நீலமும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மினுங்கியது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவர். அந்தப் பிரிவையே கம்பெனி மூடியபோது வெளியே வந்து, மத்திகிரி வாடகை வீட்டின் முன்னறையில் மேசையைப் போட்டுக்கொண்டார். சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு ஃபிக்ஸ்சர் வரைந்து கொடுப்பது இப்போது தொழில். துளை போடும்போது இரும்புத் துண்டு அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிடிமானம்தான் ஃபிக்ஸ்சர். சில மாதம் வேலை குவியும், சில மாதம் ஒன்றும் இருக்காது.

வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி தமிழ்செல்வி அரசுப் பள்ளி ஆசிரியை. சென்ற வருடம் ஜூனில் பதவி உயர்வோடு கிருஷ்ணகிரிக்குப் போனாள். முதல் இரண்டு வாரம் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். பிறகு அங்கேயே ஒரு வீடு பிடித்துச் சனிக்கிழமைகளில் வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. தை மாதத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. "நீங்களும் அங்க வந்துடுங்களேன், வீட்ல இருந்துதான வரையறீங்க," என்று ஒருமுறை கேட்டாள். "அங்க நெட்டு சரியா இருக்காது," என்றார் அவர். கிருஷ்ணகிரியில் நெட் நன்றாகவே இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பெட்டியைத் துண்டில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்து, ராயக்கோட்டை ரோட்டில் அப்துல் சலாமின் கடைக்குக் கொண்டுபோனார். சலாம் காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க் போயிடுச்சுங்ணா. உள்ள உரசுது பாருங்க."

"உள்ள இருக்கிற ஃபைலெல்லாம்?"

"இதுல இருந்து எடுக்கறது கஷ்டம். பேக்கப் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. ஆன்லைன்ல தானா ஏறிக்கிட்டே இருக்கும். வீட்டுக்காரி போட்டு வச்சது."

சலாமின் முகம் மலர்ந்தது. "நூறு பேர்ல ஒருத்தர்தாங்ணா இப்பிடிச் சொல்றாங்க. புது டிஸ்க் போட்டுத் தர்றேன். வீட்டுக்குப் போயி அந்த சாஃப்ட்வேர ஏத்தி, பழைய ஐடியில உள்ள போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இது புது கம்ப்யூட்டரா, பழசுக்குப் பதிலான்னு கேக்கும். பழசுக்குப் பதிலுன்னு குடுங்க. இல்லன்னா அது பழசை யாரும் பாக்கறதில்லன்னு நெனச்சு ஒரு மாசத்துல அழிச்சுப்புடும்."

மதியம் மூன்று மணிக்கு வீட்டில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மென்பொருள் கடவுச்சொல்லைக் கேட்டது. அண்ணாதுரைக்கு அது தெரியாது. ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தமிழ்செல்வி ஒருமுறை தன் ஆய்வேட்டை டிஸ்க்கோடு பறிகொடுத்தவள். அதனால் இந்தக் கணினியை வாங்கிய அன்றே தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, வீட்டிலிருந்த இரண்டு கணினிகளையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். மறந்துவிட்டது என்று சொன்னால், கணக்குக்காரரின் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் அனுப்புவதாகத் திரை சொன்னது.

அவர் எழுந்து டீ போட்டார். குடித்துவிட்டு இன்னொன்று போட்டார். தீபாவளிக்கு அவள் வாட்ஸப்பில் ஒரு விளக்குப் படம் அனுப்பியிருந்தாள். அவரும் ஒரு விளக்குப் படம் அனுப்பியிருந்தார். குரலைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. பள்ளி விடும் நேரம் தாண்டட்டும் என்று காத்திருந்து, நாலேமுக்காலுக்கு எண்ணை அனுப்பச் சொல்லிவிட்டு அழைத்தார். இரண்டு முறை அடித்து நின்றது. கொஞ்ச நேரம் விட்டு மூன்றாம் முறை அழைத்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நான்தான்."

"தெரியுது. சொல்லுங்க."

எப்படி இருக்கே என்றுதான் தொடங்க நினைத்திருந்தார். "ஒன் மெயிலுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். கம்ப்யூட்டர் போயிருச்சு. பேக்கப்ல இருந்து எடுக்கணும்," என்றுதான் வந்தது.

"பஸ்ல நிக்கிறேன். இருங்க." கண்டக்டர் யாரையோ முன்னால் போகச் சொல்லிக் கத்தினார். "நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ரெண்டு, ஒம்பது."

தட்டினார். பத்து நிமிடம் கடந்துவிட்டதால் அந்த எண் செல்லாது என்றது. "நேரம் முடிஞ்சிருச்சாம். மறுபடி அனுப்பச் சொல்றேன்."

"எறங்கிப் பாத்துச் சொல்றேன். கட் பண்ணாதீங்க."

அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பஸ் நின்றது. அவள் இறங்கினாள். யாரோ ஒரு பெண் "டீச்சர், இன்னிக்கு லேட்டா?" என்றாள். அதற்கு அவள் சிரித்தது கேட்டது. பிறகு புது எண்ணை வாசித்தாள். இந்த முறை திறந்தது.

"இருக்கா எல்லாம்?"

"பாக்கணும்."

"சரி, வெச்சிடட்டுங்களா?"

"ம்."

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. வீடு 1, வீடு 2. முதலாவதுக்கு எதிரே 'கடைசி பேக்கப்: இன்று காலை 7.10' என்று பச்சையில். இரண்டாவதுக்கு எதிரே 'ஆகஸ்ட் 8' என்று சிவப்பில். காலையில் பத்து மணி வரை ஓடிய கணினி தன்னுடையதுதான், சிவப்பில் இருப்பது அவள் எப்போதோ கைவிட்ட லேப்டாப் என்று அவருக்குப் பட்டது. வீடு 1-ஐத் தேர்ந்தெடுத்தார். பழசுக்குப் பதில் என்றார். மீட்டெடு என்றார்.

கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண். ஒளிச்சேர்க்கை காணொலி, பாகம் மூன்று. வாடகை ஒப்பந்தம். அவர் புரிந்துகொண்டு நிறுத்துவதற்குள் இன்னும் இரண்டு பெயர்கள் வந்து விழுந்தன. 'மாறுதல் விண்ணப்பம் - ஓசூர்', இந்த வருடம் ஜூன் 3. 'மாறுதல் வேண்டாம் - கடிதம்', ஜூலை 8.

அவர் எதையும் திறக்கவில்லை. இறங்கிய எல்லாவற்றையும் அழித்தார். அழித்த பிறகும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் அவளே அழைத்தாள்.

"என்ன பண்ணீங்க? வீடு 1 வேற கம்ப்யூட்டருக்கு மாத்தப்பட்டதுன்னு மெயில் வந்திருக்கு. அது என் லேப்டாப்புங்க."

"தெரியாமப் போச்சு. இன்னைக்குத் தேதி போட்டிருந்துச்சா, என்னோடதுன்னு நெனச்சிட்டேன்."

"உங்களோடது ஆகஸ்ட்லயே நின்னுடுச்சே."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாராவாரம் திங்கக்கிழமை மெயில் வரும். வீடு 2 இத்தன நாளா பேக்கப் ஆகலைன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வேற கணக்குக்கு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். மாறிப் போனவங்களக் கூப்பிட்டு என்னத்தச் சொல்றது?"

அவளே தொடர்ந்து கேட்டாள். "ஃபைல் எதையாச்சும் தொறந்தீங்களா?"

"இல்ல. பேரை மட்டும் பாத்தேன். மாறுதல்னு ரெண்டு இருந்துச்சு," என்றார்.

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஜூலைல கலந்தாய்வுக்குக் கூப்பிட்டாங்க. ஓசூர்ல ஒரு எடம் காலியா இருந்துச்சு. எடுக்கறதுக்கு முன்ன உங்கள ஒரு வார்த்தை கேக்கலாம்னு போன் பண்ணேன். மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பேசுறேன்னு வெச்சிட்டீங்க."

அவருக்கு அந்த மதியம் நினைவிருந்தது. அந்த மாதம் ஒரு வேலையும் வரவில்லை. தரையில் பாயைப் போட்டுப் படுத்து, என்றோ நடந்து முடிந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெயர் போனில் வந்ததும், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான் முதலில் வந்தது.

"அன்னைக்கு மீட்டிங் எதுவும் இல்ல, செல்வி."

"தெரியும். டிவி சத்தம் கேட்டுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டு? மூணு நாள் பாத்தேன். நீங்க கூப்பிடல. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலச் சொன்னாள். "சரி, இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க. நாளைக்கு நடத்த வேண்டிய பாடமெல்லாம் இதுலதான் இருக்கு."

இருவரும் போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு சரிசெய்தார்கள். அவர் தன் கணினியிலிருந்து வெளியேறினார். அவள் லேப்டாப்பில் நுழைந்து வீடு 1 தன்னுடையது என்று மறுபடி சொன்னாள். கோப்புகளையெல்லாம் அது ஒருமுறை சரிபார்த்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிடமும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் அரிசி களைந்தாள். அவர் எத்தனை சதவீதம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு அவர் வீடு 2-ஐத் தேர்ந்தெடுத்தபோதுதான் சிவப்புக்குக் காரணம் தெரிந்தது. கணக்கில் இடம் நிறையத் தொடங்கியதும், மிச்சத்தை அது முதல் கணினியான வீடு 1-க்கே ஒதுக்கிவிட்டிருந்தது. அவள் எடுத்த பாடக் காணொலிகள் ஏற ஏற, அவருடைய வரைபடங்களுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. திரையின் மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மூன்று மாதமாக இருந்ததை அவர் பார்த்திருந்தார். ஏதோ அப்டேட் கேட்கிறது என்று விட்டுவிட்டார்.

"என் வீடியோவாலயா?" என்றாள். "தெரிஞ்சிருந்தா அழிச்சிருப்பேனே."

"ஒன்னால இல்ல. நான்தான் பாக்கல."

ஆகஸ்ட் எட்டு வரையிலான கோப்புகள் இறங்க முப்பத்தொரு மணி நேரம் ஆகும் என்றது. புதன்கிழமை பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை எதுவும் நகரவில்லை. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர்ந்தது. இடையிடையே அவர் வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை காலை எல்லாம் வந்து சேர்ந்தன. மூன்று மாத வரைபடங்கள் இல்லை. வெங்கடசாமி பட்டறைக்கு அந்த வாரம் கொடுக்க வேண்டிய கியர்பாக்ஸ் மூடி ஃபிக்ஸ்சரும் அதில் போனது.

வெங்கடசாமிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் தன் தெலுங்கு கலந்த தமிழில், "ஒத்து, வேண்டாம் அண்ணாதுரை, வருத்தப்படாத. பாகம் இங்கயேதான் இருக்குது. சனிக்கிழமை வந்து திரும்ப அளந்துக்கோ," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணாதுரை தன் மின்னஞ்சலில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினார். முதல் பேக்கப் ஏறத் தொடங்கியதும் தமிழ்செல்வியை அழைத்தார்.

"எல்லாம் வந்துருச்சு. தனிக் கணக்கும் போட்டுட்டேன். ஒன்னோடதுல இருந்து என்னை எடுத்துரு. ஒனக்கு எடம் கிடைக்கும்."

"அவசரம் இல்லீங்க. இருக்கட்டுமே."

"இல்ல, எடுத்துரு. மறுபடி குழம்பும்."

அவள் லேப்டாப்பைத் திறப்பது கேட்டது. "நீக்கினா திரும்ப எடுக்க முடியாதுன்னு போட்டிருக்கு. நீக்கவா?"

"நீக்கு."

"பேரை டைப் பண்ணச் சொல்லுது." விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "ம். போயிடுச்சு."

வைத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை.

"செல்வி, இந்த ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வரட்டுமா?"

"இந்த ஞாயிறு பயிற்சி இருக்குங்க. நாள் பூரா."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

"சரி," என்றார். பயிற்சி உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்க ஒரு கணம் நாக்கு வரை வந்தது. கேட்பதற்குத் தனக்கு முகம் இல்லை என்று தெரிந்தது. "ஒடம்பப் பாத்துக்க," என்றார்.

"நீங்களும்," என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

சனிக்கிழமை பட்டறைக்குப் போய், கடைசல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவில் மூடியை மேசையில் கவிழ்த்து வைத்து ஒவ்வொரு துளையாக அளந்து குறித்துக்கொண்டு வந்தார். ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் கன்னடத்தில் யாரோ உரக்கப் பேசிச் சிரித்தார்கள். போனை விசைப்பலகைக்கு அருகில் வைத்துக்கொண்டார். மதியம் ஒருமுறை அது ஒலித்தது. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண். வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்ந்தார். வெளிச்சம் மங்குவதற்குள் முதல் இரண்டு வரைபடங்கள் முடிந்திருந்தன. அவை பேக்கப்பில் ஏறிவிட்டனவா என்று பார்த்தார். ஏறியிருந்தன.