சைலன்சர் வசூல்

நிர்மலின் கார் வருவதைத் திருவேற்காட்டில் அந்த அபார்ட்மென்ட் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். ஐ.டி. வேலைக்கு நாகர்கோவிலிலிருந்து வந்தவன், முதலில் கார் வாங்கினான். அடுத்து அதற்கு வெளியில் ஒரு சைலன்சர் வாங்கி மாட்டினான். சத்தத்தை அடக்கத்தான் சைலன்சர் என்று நீங்களும் நானும் நினைப்போம். அவன் வாங்கியது சத்தம் போடுவதற்கென்றே செய்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு ஒரே பெருமை.

அதுவும் பத்தாமல், அதைவிட உறுமும் புதுசொன்றை வரவழைத்தான். பெட்டி பிரிக்காமல் ஹாலில் கிடந்தது. பழசைக் கழற்றி, காரோடு வந்த கம்பெனி சைலன்சரை இப்போதைக்கு மாட்டிவிட்டு, பழசு விற்பனைக்கு என்று ஆப்பில் படம் போட்டான்.

மறுநாளே அதை வாங்க ஆள் வந்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டுப் பரந்தாமன், கையில் ஒரு கவரோடு. இந்த அபார்ட்மென்ட் நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவர் நிலம். எந்தக் காருக்கு அங்கிள் என்று கேட்டான் நிர்மல்.

“எங்கிட்ட ஏது நைனா காரு?” என்றார்.

பிரசவத்துக்கு வந்த மகள் திவ்யாவின் கைக்குழந்தை, இவன் கார் வரும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டு அழுகிறதாம். நேரில் சொன்னால் இவன் மனசு கஷ்டப்படுமே என்று இத்தனை நாள் யாரும் வாய் திறக்கவில்லையாம். யாரும் வாங்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்வானோ என்று பயந்து, தாங்களே வாங்கிவிட முடிவு செய்தார்களாம்.

“ஆடிக்குக் கூழ் ஊத்த வசூல் பண்ற மாறி ஊடு ஊடா கேட்டோம். எல்லாரும் குடுத்தாங்க. உன் ஊடு ஒண்ணுதான் உட்டுட்டோம்.”

நிர்மலுக்கு உடம்பெல்லாம் கூசியது. காசே வேண்டாம், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். திருப்பிக் கொடுத்தால் வீடு வீடாகக் காரணம் சொல்லணுமே என்று அவர் கவரை டீபாய்மேல் வைத்தார். அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. அது என்ன என்று சும்மாதான் கேட்டார்.

“மிக்ஸி அங்கிள்” என்றாள் அவன் மனைவி ஸ்வாதி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவ்வளவு நீளமான மிக்ஸி எந்தக் கடையிலும் கிடையாது. தனக்காக அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிவந்து பழைய சைலன்சர் பக்கத்தில் வைத்தான்.

“மிக்ஸி இல்ல அங்கிள். இது இன்னும் சத்தம் போடும். இதையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

பரந்தாமன் பெட்டியைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

“இதுக்கு நாங்க வசூல் பண்லியே, நைனா” என்றார்.