விலை படியாத கண்

தனகோடியின் கண்கள் மேலே ஏறியதைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் பால் வாங்க ஆளனுப்பிவிட்டார். கடைசிப் பால்.

தனகோடி ஆரணியில் பட்டுச்சேலை மொத்த வியாபாரி. என் கடைக்கு எதிர்க்கடை. மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்து, கை கால் வாய் எதுவும் அசையாமல், தொண்டையில் குழாயோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராஜமாணிக்கம் அவர் மனைவியின் அண்ணன். களம்பூரில் ரைஸ்மில் நடத்துபவர். எந்த விஷயமானாலும் மில்லின் சுவிட்சைப் போடுவதுபோலத்தான் முடிவெடுப்பார்.

"கண்ணு சொருகிப்போச்சு ஜெயக்குமாரு. உசுரு வூட்ல போவணும். கீழ ஆம்புலன்ஸ் நிக்குது. ட்யூப எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வா, ஜல்தி. இன்னா யோசிச்சிகினு கீற?"

ஒரே மகன் ஜெயக்குமார் டாக்டர் சிவசங்கரியைப் பார்த்தான்.

"ட்யூபை எடுத்தா வழியிலயே போயிடுவாரு" என்றார் டாக்டர். "மயக்க மருந்தோட வேகம் இப்பதான் இறங்குது. தெளிஞ்சதும் நான் பார்க்கணும்."

"இன்னும் இன்னாம்மா பாக்கணும்? மூளையே பூடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"மூளை போகலைங்க. பாதிப்பு மூளைத்தண்டுல. கட்டைவிரல் தடிமன்தான் அது. அதுக்கு முன்பக்கமா கை காலுக்குப் போற நரம்புங்க இறங்குது. அங்கதான் அடைப்பு. பின்பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் நரம்பு வலை ஒண்ணு இருக்கு. ரெட்டிகுலர் ஃபார்மேஷன்னு பேரு. மூளையை எழுப்பறது, தூங்க விடறது, மூச்சு, நாடின்னு எல்லாத்திலயும் அதுக்குக் கை உண்டு. தறிச் சத்தத்துல நல்லாத் தூங்குறீங்க, தறி நின்னா முழிச்சிக்கிறீங்க இல்ல? பழகின சத்தத்தைத் தள்ளிட்டு, புதுசா எது நடந்தாலும் மூளையைத் தட்டி எழுப்பறது அந்த வலைதான். அது தப்பிச்சிருந்தா இவரு முழிச்சிகிட்டு நாம பேசறதெல்லாம் கேட்டுகிட்டு இருக்கலாம். அசையத்தான் முடியாது."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்த போட்டோ என்பதுவரை அவர் தலைமாட்டிலேயே பேசி முடித்திருந்தோம்.

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் அவசரமாகக் கூப்பிட்டார். "நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

ராஜமாணிக்கத்துக்குக் காத்திருந்து பழக்கமில்லை. "டாக்டருங்க அப்டிதான் சொல்வாங்க. கேட்டுகினு கீறாராம். கேட்டா கண்ணு ஏன் சொருகுது? இப்பவே வூட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்."

கண்கள் மறுபடியும் மேலே ஏறின.

"பாத்தியா? போட்றா கையெழுத்து."

தனகோடியின் மனைவி ராஜம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜெயக்குமார் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ஒப்புதல் காகிதத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தான்.

எனக்கு மட்டும் அந்தக் கண்ணில் ஏதோ உறுத்தியது. சாவு வீடுகளில் பார்த்த கண் இல்லை அது. கடையில் பார்த்த கண். தனகோடி பேரத்தில் வாயைத் திறக்கமாட்டார். கேட்ட விலை கட்டுப்படியாகாவிட்டால் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். ஏற்றிக் கேட்கும்வரை இறங்கமாட்டார். படிந்துவிட்டால் கண்ணைத் தாழ்த்திச் சேலையை மடிக்கத் தொடங்குவார். சேத்துப்பட்டு வியாபாரிகள் என்னிடம் வந்து, "உங்க எதிர்க்கடை ஃபேன்கிட்ட பேரம் பேசிட்டு வர்றோம்" என்பார்கள்.

"கொஞ்சம் இரு ஜெயக்குமாரு."

"என்ன சித்தப்பா?"

குனிந்து அவர் காதருகே போனேன். "அண்ணே, மாங்கா பார்டர் சேலை கட்டிவெச்சிருக்கியே. மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். பாதி வெலைக்கு."

கண்கள் மேலே போயின. நின்றன.

"யோவ், சாவப்போற மனுசன்கிட்ட வியாபாரமா?" என்றார் ராஜமாணிக்கம்.

"முக்கா வெலை, அண்ணே."

இறங்கவில்லை. ஜெயக்குமார் பேனாவைக் காகிதத்துக்கு மேலேயே பிடித்தபடி அப்பாவின் கண்ணைப் பார்த்தான்.

"சரி. நீ சொன்ன முழு வெலை."

இமை ஒருமுறை துடித்தது. பிறகு, சேலையை மடிக்கப்போகிறவர்போல, கண்கள் மெதுவாகக் கீழே வந்தன.

"டாக்டரக் கூப்புடு" என்றேன். ஜெயக்குமார் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினான்.

டாக்டர் வந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். கண் அசையவில்லை. மேலும் கீழும் நகர்த்தினார். கூடவே போனது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பக்கவாட்டுல பார்க்கிற வழி அடைப்புல போயிடுச்சு. மேல கீழ பார்க்கிற வழி அதுக்கு மேல இருக்கு, தப்பிச்சிடுச்சு. முழிச்சிகிட்டுதான் இருக்காரு. எழுந்து நடப்பாருன்னு சொல்லமாட்டேன். ஆனா எல்லாம் தெரியுது. ஏதாவது கேக்கணும்னா அவரையே கேளுங்க."

ராஜம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, வூட்டுக்குப் போயிடலாமா?"

கண்கள் மேலே.

"இங்கயே இருந்து பாக்கலாமா?"

மெல்ல, கீழே.

ராஜம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஜெயக்குமார் ஆம்புலன்ஸைத் திருப்பியனுப்பப் படியிறங்கினான். வாசலில் பால் பாக்கெட்டோடு வந்து நின்ற ஆளைப் பார்த்து ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "இன்னா முழிக்கிற? எடுத்தும்போய் எல்லாருக்கும் டீ போடச் சொல்லு."

நான் தனகோடியின் கையைப் பிடித்தேன். "அண்ணே, அந்த முழு வெலை... அது சும்மா, உன்னைப் பாக்கறதுக்காகச் சொன்னது."

கண்கள் மேலே ஏறின. இறங்கவே இல்லை.