மாற்றிக்கொண்ட வில்லை

எங்கள் பக்கத்தில் கடன் வாங்கக் கையெழுத்தும் தேவையில்லை, கைநாட்டும் தேவையில்லை. ஒரு பித்தளை வில்லை போதும். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ், ஆளுக்கொரு எண் வெட்டிய வில்லையைக் கொடுத்திருந்தது. ஆபீஸ் வாசலுக்கு எதிரே இருந்த கடையில் அதைக் காட்டினால் அரிசி, எண்ணெய், சேலை எது வேண்டுமானாலும் கிடைக்கும். வாரா வாரம் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். மிச்சத்தைத் தீபாவளிப் பணத்தில் கழிப்பார்கள். வில்லையைக் கொண்டுவருவது யார் என்று கடைக்காரர் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவருக்குச் சரக்கு, எண்ணுக்கு உரியவருக்குக் கடன். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

என் அம்மா மாடத்தியின் வில்லையால் முதலில் பலனடைந்தவர் என் அப்பா முத்துக்கருப்பன். சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்து நிற்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருப்பார். பாசத்தினால் அல்ல. வில்லையைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் கடைக்குப் போய் அரிசி எடுப்பார். வரும் வழியிலேயே அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுச் சீட்டாட உட்கார்ந்துவிடுவார். அம்மா வில்லையைச் சாம்பல் சட்டிக்குள் ஒளித்தாள், கூரையில் செருகினாள், ஒருமுறை என் பாவாடை நாடாவில்கூட முடிந்து வைத்தாள். எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். அந்த மூளையை வேறு தொழிலில் காட்டியிருந்தால் நாங்கள் சிவகாசியில் மாடிவீடு கட்டியிருப்போம்.

கடன் தீபாவளிப் பணத்தைத் தாண்டிப் போனால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை திட்ட மாட்டார், அதட்டவும் மாட்டார். “வீட்ல இன்னொரு கை இருக்கா?” என்று மட்டும் கேட்பார். அந்த இன்னொரு கை எப்போதும் ஒரு சின்னப் பிள்ளையின் கையாகத்தான் இருக்கும். மறுவாரமே அந்தப் பிள்ளை விடியுமுன் வண்டி ஏறும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் வண்டி ஏறாத பெண்பிள்ளைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். “சம்முகத்தாய் கையில தீக்குச்சி மருந்து படக் கூடாது. அது மட்டும் நடந்துச்சுன்னா நான் மனுசியே இல்ல” என்று அம்மா யாரிடம் பேசினாலும் என்னைக் காட்டிச் சொல்வாள். அவளுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் பொன்னுத்தங்கம் சித்தி. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆபீசில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்குபவள், அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுபவள். புருஷன் நோயில் கிடந்து, கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். அந்தக் கடனுக்காக அவள் மகள் இருளம்மாள் இரண்டு வருஷமாக வண்டி ஏறிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் அவளுக்கும். நான் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு தின்றுவிட்டு வரப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வண்டியிலிருந்து அவளைத் தூங்கியபடியே தூக்கி இறக்குவார்கள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்து முடித்ததும் சித்திதான் பேச்சை எடுத்தாள்.

“எக்கா, வில்லை ஒங்கிட்ட இருந்தாத்தான ஒம் புருசன் பிடுங்குவாக? எங்கிட்ட இருந்தா என்ன செய்வாக? எம் வாசல்ல வந்து நின்னு கேப்பாகளா?”

“அதுக்கு?”

“எங்கொளுந்தனுக்கும் எம் வில்லை மேலதான் கண்ணு. எனக்குள்ளத நீ வச்சுக்க. ஒனக்குள்ளத நான் வச்சுக்கிடுதேன். அடிச்சாலும் மிதிச்சாலும் கையில இல்லாதத எங்க போயி எடுப்பாங்க?”

அம்மாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷம் ஒளித்து ஒளித்துத் தோற்றவளுக்கு, ஒளிக்கவே வேண்டாம் என்ற யோசனை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! சன்னதிக்கு எதிரே நின்று, மாரியம்மன் சாட்சியாக, இருவரும் வில்லையை மாற்றிக்கொண்டார்கள். நானும் இருளம்மாளும் சாத்தூர் காரச்சேவு நொறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வண்டியடியில் நின்றார். அம்மா சேலை முந்தியை உதறிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து சட்டியைக் கவிழ்த்தார், கூரையைக் குத்தினார், என் நாடாவை இழுத்துப் பார்த்தார். வில்லை எங்கே இருக்கிறது என்று அம்மாவே சொன்னாள், சிரித்துக்கொண்டே. அவர் சித்தி வீட்டு வாசல் வரைக்கும் போனார். அவள் விளக்குமாற்றோடு நின்றதைப் பார்த்துவிட்டு ஏதோ மழையைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சண்டை இல்லாத காலம் வந்தது. எங்களுக்கு வேண்டியதை அம்மா சொல்வாள், சித்தி கடைக்குப் போய் வாங்கி வந்து வண்டியிலேயே கொடுத்துவிடுவாள். சித்தியின் கணக்கில் வாங்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. “எனக்கு இனிமே கடனே வேண்டாம்க்கா, ஆத்தா கோயில்ல வேண்டிக்கிட்டேன். கைக்கூலிய வச்சே ஓட்டிக்கிடுதேன்” என்று சொல்லியிருந்தாள். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். சித்தியின் வில்லையை இடுப்பில் முடிந்து வைத்து, குளிக்கும்போதுகூட அவிழ்க்காமல் காத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், சடை பின்னுவாள், மடியிலிருந்து சேவு எடுத்துக் கொடுப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அம்மாவைவிடக் கூடுதலாகப் பிடித்த நாட்களும் உண்டு.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கணக்குப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டார். தீபாவளிப் பணம் முழுவதும் கழிந்துவிட்டது, அதற்கு மேலும் கடன் நிற்கிறது என்றார். அம்மா சிரித்திருக்கிறாள், வேறு யாருடைய கணக்கையோ படிக்கிறார் என்று நினைத்து.

“ஒங் கணக்குதாம்மா. வாரா வாரம் பொன்னுத்தங்கம் வந்து அரிசி, மல்லி, சேலைன்னு மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போயிருக்கா. ஒம் வில்லையக் காட்டித்தான். நீதான அனுப்புன?” என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்ததையும் கேட்டார். “வீட்ல இன்னொரு கை இருக்குல்ல?”

வண்டியை விட்டு இறங்கிய அம்மா எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் ஓடினேன். சித்தி அன்று உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குப் போகாமல் இருந்தாள். அடுப்படியில் உலை கொதித்தது. இருளம்மாள் ஒரு புதுச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏ தங்கம், எங் கணக்குல நீயா வாங்குன?”

“ஆமாக்கா.”

இல்லை என்பாள், அழுவாள், காலில் விழுவாள் என்று அம்மா எதிர்பார்த்திருப்பாள். சித்தி உலையைத் துழாவிக்கொண்டேதான் அந்த ‘ஆமாக்கா’வைச் சொன்னாள்.

“அம்புட்டும் நீயா?”

“அம்புட்டுந்தான். ஒனக்குன்னு நீ சொன்னதத் தவிர.”

“ஏன்டி இப்பிடிச் செஞ்ச?”

“எம்பிள்ள ரெண்டு வருசமா வண்டி ஏறுது. ஒம்பிள்ள பள்ளிக்கூடம் போறதத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். சாப்பாட்டுச் செலவு இல்லாமப் போனதால எங்கூலி பூராத்தையும் பழைய கடனுக்கே கட்டுனேன். இந்த வாரத்தோட தீந்துபோச்சு. இனிமே எம்பிள்ள வண்டி ஏறாது.” பிறகு என்னைப் பார்த்தாள். “கொஞ்ச நாளைக்கு ஒம்பிள்ள ஏறுனா என்னக்கா கொறஞ்சு போகும்?”

முடிச்சை அவிழ்த்து எங்கள் வில்லையை எடுத்துக் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். தன் இடுப்பில் இருந்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சித்தியும் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சிலேட்டைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. எங்கள் கணக்கில் வாங்கிய சேவைத்தான் அவள் இத்தனை நாளும் எனக்கு ஊட்டியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அப்பா கொண்டாடிவிட்டார். “நான் எடுத்தா அது களவு. அவ எடுத்தா சிநேகிதமா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கடைசியில் அம்மா, “பிள்ளைக்காகச் செஞ்சிட்டா. நானா இருந்தா மட்டும்...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வண்டி ஏறப்போவது நான், மன்னிப்பது இவளா?

அப்பாதான் வழி சொன்னார். அவர் வாழ்நாளில் எங்களுக்குச் சொன்ன ஒரே உருப்படியான வழி அது. “அவ வில்லை ஒங்கிட்டத்தான இருக்கு? கடைக்குப் போ. அவ தின்ன அளவுக்கு அரிசிய எடு. நான் வித்துத் தாறேன். கொண்டுபோயிக் கணக்குப்பிள்ளை மூஞ்சில விட்டெறி. கடன் அவளுக்கு, பிள்ளை நமக்கு.”

அம்மாவுக்கு மனசே இல்லை. என்னைப் பார்த்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தீபாவளி சீசன் என்பதால் கடை திறந்திருக்கும். வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான். “நம்ம கடனுக்குள்ளது மட்டும் எடுப்போம், சம்முகம். அதுக்கு மேல ஒரு பிடி வேண்டாம். அவ பிள்ளையும் பிள்ளைதான. அத அவ கஷ்டப்பட்டுக் கட்டிருவா.” துரோகம் செய்தவளுக்காக இவ்வளவு கவலைப்பட்டவளை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

கடைக்காரர் இராமகிருஷ்ணன் அண்ணாச்சி நல்ல மனிதர். யார் வந்தாலும் சிரித்த முகம். அம்மா நீட்டிய வில்லையை வாங்கினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்கன கெடச்சது, தாயி? இது தொலஞ்ச வில்லையில்லா?”

“தொலயல அண்ணாச்சி. பொன்னுத்தங்கத்துக்குள்ளது. எங்கிட்டக் குடுத்து வச்சிருக்கா.”

“குடுத்து வச்சாளா? அவ வந்து சொல்லி எம்புட்டு மாசம் ஆச்சு! இருக்கன்குடிக் கூட்டத்துல விழுந்துபோச்சுன்னு அழுதுகிட்டு வந்தா. ஆபீசுல இந்த நம்பர அடிச்சிட்டு வேற போட்டுக் குடுத்துட்டாங்களே. இதுக்கு ஒரு தீக்குச்சி கூடத் தர முடியாது.”

அம்மா கேட்டாள். “அவ எப்ப வந்து சொன்னா அண்ணாச்சி?”

“தையில. கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநாளே வந்துட்டா. நல்லவேளை சொன்னா, இல்லேன்னா எடுத்தவன் வாரிக்கிட்டுப் போயிருப்பான்.” அவர் வில்லையை மேசைக்குள் போட்டு மூடினார். “இத நீ கையில வச்சிருக்காத. களவுன்னு சொல்லிப்புடுவாங்க.”

அம்மா கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கணக்குப்பிள்ளை சொன்னபோது அழாதவள், சித்தி அடுப்படியில் நின்று ஆமாம் என்றபோது அழாதவள், அங்கே, போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். சித்தி தன் மகளைப் பார்த்து இடையில் மனம் மாறிக் கைவைத்துவிட்டாள் என்றுதான் அம்மா அதுவரை நினைத்திருந்தாள். அது இல்லை. ஒரு படி அரிசி வாங்குவதற்கு முன்பே, அம்மனுக்கு உடைத்த தேங்காய் வீட்டில் காய்வதற்கு முன்பே, ஒருநாள் இவள் ஆத்திரத்தோடு கடைக்கு வருவாள் என்று கணக்குப் போட்டு வாசலை அடைத்திருக்கிறாள். அம்மா இடுப்பில் முடிந்து காத்தது செல்லாத பித்தளை. சித்தி என்று இனி நானும் சொல்லமாட்டேன். பொன்னுத்தங்கம்.

தீபாவளி வந்தது, போனது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

திங்கட்கிழமை இருட்டோடு அம்மா என்னை எழுப்பி முகம் கழுவிவிட்டாள். வண்டி வந்தது. பொன்னுத்தங்கம் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இருளம்மாளின் இடம் காலியாக இருந்தது. “இங்கன வா, சம்முகம்” என்று கையால் தட்டிக் காட்டினாள், ஒன்றுமே நடக்காததுபோல. அம்மா என்னை இழுத்துக் கால்மாட்டில் உட்கார வைத்துக்கொண்டாள். இறங்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாள் முழுக்கப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கட்டை அடுக்க வேண்டும்.

ஆபீசில் கணக்குப்பிள்ளை என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எனக்கும் ஒரு வில்லை கொடுத்தார். கடன்பட வயது வேண்டியதில்லை. வெளியே வந்ததும் அம்மா அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“இத யார் கேட்டாலும் குடுக்காத.”

“சரிம்மா.”

“அப்பா கேட்டாலும் குடுக்காத. கூட வேல பாக்கிற பிள்ளைக கேட்டாலும் குடுக்காத. அழுதாலும், சாமி மேல சத்தியம் பண்ணுனாலும் குடுக்காத.”

“சரி.”

மடக்கிய கையை அவள் விடவில்லை.

“நான் கேட்டாலும் குடுத்துராத, தாயி” என்றாள்.