வாசலில் சொல்ல வேண்டியது

பொழுது விடிகிற நேரம். முதியோர் இல்லத்தின் கீழ்க்கூடத்தில் நெட்டை ஈர விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு விரிப்பு மாற்றுவது லேசான காரியமில்லை. ஆளை ஒருக்களிக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் பழையதைச் சுருட்டி, அதன் ஓரமாகப் புதியதை விரித்து, சுருட்டிய மேட்டின்மேல் ஆளை மெல்ல உருட்டி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் செய்தால் இடுப்பு பிழைக்கும். இரண்டாவது ஆளைப் போன வருடமே குறைத்துவிட்டார்கள். நெட்டை கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று தள்ளுவாள். சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று இழுப்பாள். அவள் உயரத்துக்காகத்தான் அவளுக்கு அந்தப் பெயர். அந்த உயரமே இப்போது அவளுக்குப் பகையாகியிருந்தது, கட்டில்கள் தாழ்வானவை.

மூத்திர வாடையடிக்கும் மூட்டையை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சலவையக்கா முழங்கைவரை நுரையில் நின்றிருந்தாள். பாய்லர் பழுதாகி மாதக்கணக்காகிறது. எல்லாத் துணிக்கும் பச்சைத்தண்ணீர்தான்.

"வெந்நீர் இல்லாம இது சாகாதுடி."

"எது?"

சலவையக்கா கையை நீட்டினாள். விரலிடுக்குகளில் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிகள். மணிக்கட்டில் சொறிந்த கோடுகள். நெட்டை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய இடுப்பைச் சுற்றியும் அதே பொரிகள் இருந்தன. வீட்டில் பிள்ளைகளைத் தன் பாயில் படுக்கவிட்டு வாரங்களாயிற்று. அரிப்பைவிட வெட்கம் பெரிதாக இருந்ததால் இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

அது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர், ஒரு பெரியவரின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லியிருந்தார். சிரங்குப் பூச்சி. தோலுக்கடியில் வளை தோண்டிக் குடியிருக்கும். உடம்போடு உடம்பு ஒட்டினால் தாவும். இருப்பவர்கள், வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். துணிகளைக் கொதிநீரில் போட வேண்டும். அதுவரை பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி, முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக உள்ளே விட வேண்டும். கட்டிலில் உட்காரக் கூடாது, கட்டியணைக்கக் கூடாது, போகும்போது கை கழுவ வேண்டும். "வரவேண்டாம்னு சொல்லாதீங்க. சொல்லிட்டு விடுங்க. அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த வாரம் அந்த டாக்டர் வரவில்லை. வேறொருவர் வந்தார். அவர் யார் சட்டையையும் தூக்கிப் பார்க்கவில்லை.

முதலாளி எல்லோரையும் முன்னறையில் கூட்டினார். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல்.

"இது வேர்க்குரு. வெயில் காலம்னா வரத்தான் செய்யும். பவுடர் வாங்கித் தர்றேன். வர்றவங்ககிட்ட யாராவது சிரங்கு, பூச்சின்னு வாயைத் திறந்தீங்க, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன். இந்த இடத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"எங்களுக்கும் இருக்கே சார், அரிப்பு" என்றார் சமையல்காரர்.

"அப்படின்னா லீவு போடுங்க. சம்பளம் கிடையாது. நல்லாயிட்டு வாங்க."

யாரும் லீவு போடவில்லை. அந்தப் பூச்சிக்கு முதலாளி, தொழிலாளி என்ற பேதம் தெரியாது. ஆனால் முதலாளி அங்கே யாரையும் தொட்டுத் தூக்கியதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அது நடந்தது.

கூடத்தின் கடைசிக் கட்டிலில் கப்பல்காரர் இருந்தார். இளமையில் கப்பலில் எந்திரம் ஓட்டியவர். இப்போது பார்வை போய், பேச்சும் குறைந்துவிட்டது. அவருடைய பேத்தி, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதுல்ல. கையில வெச்சுப் பார்க்கட்டுமே. எனக்குக் கொடுக்கப் பயமா இருக்கு, நீங்க பிடிச்சுக்கிட்டுக் கொடுங்களேன்."

நெட்டைக்கு விஷயம் வாய்வரை வந்தது. அவள் வாசற்பக்கம் பார்த்தாள். முதலாளியின் ஆளான மேனேஜர் அங்கே நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையை வாங்கினாள். கிழவரின் நெஞ்சில் கிடத்தினாள். பொரிகள் நிறைந்த அந்தக் கைகள் தடவித் தடவி, தலையை, காதை, கால் விரலைக் கண்டுபிடித்தன. "என்னடா, ஆள் வந்துட்டியா?" என்றார் கப்பல்காரர். வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. பேத்தி அழுதாள். பிள்ளை அந்த நெஞ்சிலேயே தூங்கிப்போனது. மத்தியானம் முழுக்கத் தூங்கியது.

நெட்டை அடுத்த கட்டிலுக்குப் போய் விரிப்பை நீவினாள். நீவியதையே திரும்பவும் நீவினாள். இப்போது சொல்லலாம், இதோ இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. பேத்தி கிளம்பும்போது, "நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்க்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள அந்த நாட்கள் போதுமானதாக இருந்தன.

பிறகு ஒரு காலையில் முதலாளியின் அறையிலிருந்து குரல் கேட்டது. பேத்தி பிள்ளையின் சட்டையை அவிழ்த்து மேசைமேல் கிடத்தியிருந்தாள். உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அக்குளில், வயிற்றில், கழுத்தில். தூக்கமில்லாமல் அழுதழுது பிள்ளைக்குக் குரலே கம்மியிருந்தது.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல. இவன் தாத்தா மேல படுத்தான், அவ்வளவுதான். டாக்டர் கேட்கறாரு, எங்கே கொண்டு போனீங்கன்னு. நான் என்ன சொல்ல?"

முதலாளி மணியடித்து சலவையக்காவை வரவழைத்தார். "கையைக் காட்டு" என்றார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தயங்கினாள். "காட்டுன்னு சொல்றேன்ல!" காட்டினாள்.

"பாருங்கம்மா. இவங்க வீட்டுலேருந்து கொண்டுவந்து துணியில ஒட்டவிட்டிருக்காங்க. சுத்தம்னா என்னன்னே தெரியாத ஜனங்க. இன்னியோட இவளை நிறுத்தியாச்சு. பிள்ளையோட மருந்துச் செலவு என் பொறுப்பு."

சலவையக்கா நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

கதவோரம் நின்ற நெட்டை உள்ளே வந்தாள்.

"அக்கா மேல பழி போடாதீங்க சார். அவங்க துவைக்கக் கேட்டது வெந்நீர். நீங்க கொடுக்கல." பிறகு பேத்தியின் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பிள்ளையைத் தாத்தா மேல கிடத்தினது நான்தாம்மா. அவருக்குச் சிரங்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கிடத்தினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். சொன்னா வேலை போயிரும்னு சொல்லல."

பேத்தி அவளையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

முதலாளி கதவைச் சாத்தினார். "உன்னையும் இப்பவே அனுப்பியிருப்பேன். கீழ்க்கூடத்துல தூக்கறதுக்கு வேற ஆள் இல்ல, அதான். இனிமே யாரும் பார்க்க வரவே வேண்டாம். ஞாயிறும் இல்ல, திங்களும் இல்ல. வந்தாத்தானே பேச்சு?"

"பெரியவங்க என்ன சார் பண்ணினாங்க? வாரம் பூரா அந்த ஒரு நாளுக்காகத்தானே கண்ணு முழிக்கறாங்க?"

"டிவி இருக்கே."

வெளிக்கதவு பூட்டப்பட்டது. சலவையக்கா தன் துணிப்பையோடு அதற்கு வெளியே நின்றிருந்தாள். அந்த வாரம் கப்பல்காரர் கஞ்சியைத் துப்பினார். மேல்மாடியில் இருந்த டீச்சரம்மா ஞாயிறு காலையிலேயே தலைவாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சாயங்காலம் தானாகவே அவிழ்த்து மடித்து வைத்தார். "என் மகன் என்மேல கோபமா இருக்கானா?" என்று நெட்டையிடம் கேட்டார். இல்லையம்மா என்று சொல்லிவிட்டு நெட்டை அந்தப் புடவையை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒரு வார்த்தையை விழுங்கியதன் விலையை ஒரு கட்டடமே கொடுத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலப் பரிமாறல் முடிந்ததும் அவள் சமையல்கட்டுக்குப் போனாள். சமையல்காரர், மேல்மாடியில் வேலை செய்யும் பெண்கள், பெருக்குகிறவர், வாசல் காவலாளி எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி இடுப்பைக் காட்டினாள். பிறகு மேல்மாடிப் பெண் ஒருத்தி ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். பெருக்குகிறவர் சட்டையைத் தூக்கினார். காவலாளி மட்டும், "நான் காட்ட முடியாத இடம்ப்பா" என்றார். சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில் பல வாரத்து வெட்கம் கரைந்தது.

"வேலையை நிறுத்திருவோம். நாளைக்கே எல்லாரும் வெளியே உக்காருவோம்" என்றார் பெருக்குகிறவர்.

"அப்ப கப்பல்காரரைத் திருப்பிப் போடறது யாரு? புண்ணு வந்துரும்" என்றாள் நெட்டை. "முதலாளியோட தைரியமே அதுதான். நம்மளால விட்டுட்டுப் போக முடியாதுன்னு."

சமையல்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப விட்டுட்டுப் போக வேண்டாம். யாருக்கு முறை இருக்கோ அவங்க உள்ளே வேலை பார்க்கட்டும். முறை இல்லாதவங்க வாசல்ல நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை எப்படியும் ஜனம் வரும், பாதிப்பேருக்குக் கதவை ஏன் பூட்டினாங்கன்னே தெரியாது. டாக்டர் சொன்னதை நாம சொல்லுவோம். எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து, பாய்லர், சலவையக்காவுக்கு வேலை, நோய்ல படுத்தா சம்பளம். இதையும் சேர்த்துச் சொல்லுவோம்."

"ஒவ்வொருத்தரா அனுப்பிட்டா?" என்றார் காவலாளி.

"ஒவ்வொருத்தரா வாயை மூடினதுக்குத்தான் அந்தப் பிள்ளை அனுபவிக்குது" என்றாள் நெட்டை.

சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு எந்த முறை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

ஞாயிறு காலை. விரிப்பெல்லாம் மாற்றி, கஞ்சி ஊட்டி, தன் முறையை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு முறை இல்லாத மற்றவர்களோடு நெட்டை வாசலுக்கு வந்தாள். பூட்டிய கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே கூட்டம். பழம் வாங்கி வந்தவர்கள், மருந்து வாங்கி வந்தவர்கள், வெறுங்கையோடு வந்தவர்கள். சலவையக்காவும் வந்திருந்தாள். சமையல்கட்டுக் கையுறைப் பெட்டியை நெட்டை கம்பிகளுக்கிடையே அவளிடம் நீட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள் நெட்டை. குரல் உடைந்தது. "உள்ளே சிரங்கு இருக்கு. பெரியவங்களுக்கும் இருக்கு, எங்களுக்கும் இருக்கு. நாங்க மறைச்சோம். தப்பு."

ஒரு கணம் எல்லோரும் பின்வாங்கினார்கள். ஒருவர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, "எங்கப்பாவுக்குமா? இத்தனை நாளா?" என்று கத்தினார். இன்னொருத்தி, "பணம் வாங்கறீங்கல்ல!" என்றாள். நெட்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

முதலாளியின் கார் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

"என்ன இது? எல்லாரும் உள்ளே வேலைக்குப் போங்க!"

"வேலை நடக்குது சார். அடுப்பும் எரியுது" என்றார் சமையல்காரர்.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். அவங்களுக்கும் கையுறை இருக்கு" என்றாள் சலவையக்கா. இந்தத் தடவை அவள் கையை மறைக்கவில்லை.

அந்தச் சலசலப்புக்குள்ளே கூட்டம் விலகி ஒருத்திக்கு வழிவிட்டது. பேத்தி. பிள்ளையில்லாமல் வந்திருந்தாள். நேராகக் கதவருகே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"பிள்ளை எப்படிம்மா இருக்கு?" நெட்டைக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

"மருந்து பூசறோம். ராத்திரி கொஞ்சம் தூங்கறான்." நிறுத்தினாள். "உங்களை நான் மன்னிக்கலக்கா. மன்னிப்பேனான்னும் தெரியாது."

"வேண்டாம்மா."

"ஆனா தாத்தா அங்கே தனியா கிடக்காரு."

பேத்தி மடித்துவிட்டிருந்த சட்டைக் கைகளை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டாள். சலவையக்காவிடம் கையுறைக்குக் கை நீட்டினாள். பூட்டு இன்னும் திறக்கப்படாமல் தொங்கியது. சாவியை வைத்திருந்த காவலாளி முதலாளியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர், மூச்சு வாங்கியபடி, "என்னம்மா கூட்டம்? உள்ளே விடமாட்டாங்களா?" என்று கேட்டார்.

நெட்டை வாய் திறப்பதற்குள் பேத்தி அவரிடம் திரும்பினாள்.

"நில்லுங்க ஐயா, சொல்றேன். யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்றவள், அவருக்கும் ஒரு ஜோடி கையுறை எடுத்துக் கொடுத்து, விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.