பக்கத்தில் வந்து நின்ற மேனேஜர்

இஞ்சியோன் நகரில் எங்கள் கிளை அலுவலக வாசலில் அட்டையும் கையுமாக நின்றபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் இல்லை, சத்தியமாகக் குஷிதான். ஐம்பது வயதில் இதுதான் என் முதல் போராட்டம்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்றுவது என் வேலை. அதற்காகச் சொந்த போனில் கம்பெனி ஆப்பைப் போட்டிருந்தோம். லீவு நாளிலும் நாங்கள் எங்கே போகிறோம் என்று அது வேவு பார்க்கிறது என்பது தோழி ஒக்சொன் மூலம்தான் தெரிந்தது. குழந்தை இல்லையென்று லீவு நாட்களில் ரகசியமாக மருத்துவமனைக்குப் போய்வந்தாள் அவள். பிள்ளை பெற்றுக்கொண்டால் வேலை என்னாவது என்று மேலிடம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டது. மாமியாருக்கே தெரியாத சங்கதி அது. அவள் அழுததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அந்த வேவுக்கு மாலைக்குள் எல்லோரும் 'சம்மதம்' அழுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் வேலை போய்விடுமாம். நான் அழுத்தவில்லை.

இந்த நாட்டுச் சட்டப்படி இருவர் சேர்ந்து அட்டை பிடித்து நின்றாலே அது கூட்டம். போலீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் நின்றால் யாரையும் கேட்க வேண்டாம். அதனால்தான் தனியாக நின்றேன். 'லீவு நாளில் நான் எங்கே போனால் உனக்கென்ன?' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

எங்கள் கிளை மேனேஜர் லேசுப்பட்ட ஆளா? அவரும் ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். இருவராகிவிட்டால் போலீஸ் வந்து கலைத்துவிடும் என்று கணக்கு. நான் பஸ் நிறுத்தத்துக்கு நகர்ந்தேன், வந்தார். பேக்கரி வாசலுக்குப் போனேன், அங்கேயும் வந்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"என்ன சார், ஜோடி போட்டுக்கிட்டுச் சுத்துறீங்க? வீட்டுல தெரியுமா?" என்றேன். பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. அதிலும் அதே ஆப்தான். தலைமை அலுவலகக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. வேலை நேரத்தில் தெருவில் என்ன சுற்றல் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனநல மருத்துவரிடம் எதற்குப் போகிறீர்கள் என்றும் கேட்டார். நான் காதில் விழாததுபோல் பேக்கரி ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தவர் முகம் வெளுத்திருந்தது. தன் அட்டையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"கும்ஹி அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிட்டு வாங்க. அட்டைய என்கிட்ட குடுங்க. ரெண்டு பேரா நிக்கக் கூடாதுல்ல."